நோட்டில் ஏறிய பெயர்

"அந்த மாத்திரை ஒண்ணு குடுங்கக்கா."

பாப்பாத்தி குரலைக் கூடத் தாழ்த்தவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள்.

கல்லாவில் இருந்த ஆனந்தமேரிக்குச் சுள்ளென்று வந்தது.

"எந்த மாத்திரை?" தெரியாத மாதிரி கேட்டாள்.

"கரு தங்காம இருக்க, மூணு நாளைக்குள்ள போடறது."

"இந்த மாசத்துல இது நாலாவது தடவை, பாப்பாத்தி!"

தைல பாட்டில் வாங்க வந்திருந்த தீனதயாளன் திரும்பிப் பார்த்தார். கட்சியில் நகரப் பொறுப்பாளர். அந்த மாத்திரையை இளசுகளுக்குத் தரலாமா கூடாதா என்று டிவியில் தினம் சண்டை நடக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, 'சட்டம் வர்ற வரிக்கும் நாம ஏன் காத்துக்கினு இருக்கணும்?' என்று கடைத்தெருவில் கிளம்பியவர் அவர்தான்.

அவர் ஏற்பாட்டில் வந்ததுதான் கல்லா மேல் இருக்கிற அந்த நோட்டு. முப்பது வயசுக்குக் கீழே யாருக்கும் அந்த மாத்திரை கிடையாது. மேலே இருந்தால் பேர், ஊர், போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனந்தமேரிக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. சர்ச் மாதர் சங்கச் செயலாளர் ஆயிற்றே!

பாப்பாத்தி பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு விற்பவள். வயசு நாற்பத்தைந்து. புருஷன் செத்து எட்டு வருஷம். ஊர் வாய்க்கு இது போதாதா?

"புருஷன் இல்லாதவளுக்கு இது இன்னாத்துக்குங்கறேன்?" கடைக்கே கேட்கும்படி கேட்டார் தீனதயாளன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாப்பாத்தி நோட்டை இழுத்து, நாலாவது முறையாகத் தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதினாள். மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

தீனதயாளன் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்தார்.

"கட்சிக் கூட்டத்துல காட்டணும் மேடம். இந்த மாதிரி பொம்பளைங்களாலதான் ஊரே கெட்டுப்போவுது."

"நல்லா காட்டுங்க தலைவரே."

சாப்பிடப் போயிருந்த கணவர் கிறிஸ்துதாஸ் வந்ததும் ஆனந்தமேரி கொட்டித் தீர்த்தாள்.

"எந்த பாப்பாத்தி? கிழங்குக்காரியா?" அவர் நோட்டைப் பார்த்தார். "அதுக்கு கர்ப்பப்பையே இல்லியே, மேரி."

"இன்னா சொல்றீங்க?"

"ஆபரேஷன் பண்ணி எடுத்து ஆறு வருசம் ஆவுது. ஒரு மாசம் மருந்து நம்ம கடையிலதான வாங்கினா? நான்தான சீட்டு பாத்துக் குடுத்தேன்!"

ஆனந்தமேரி செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

வெள்ளிமலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் ஒரு காலேஜ் பொண்ணு, துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. கிழங்குப் பொட்டலத்தோடு, அதற்கடியில் எதையோ சேர்த்துப் பாப்பாத்தி உள்ளே நீட்டினாள். "பயப்படாத. இப்பவே போட்டுக்கோ. வாந்தி வந்தா எனக்குப் போன் பண்ணு."

அந்தப் பொண்ணு பேர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். பாப்பாத்தியே கேட்கவில்லை.

பஸ் போனதும் ஆனந்தமேரி எதிரில் போய் நின்றாள்.

"ஏம்மா, எனக்கில்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அந்தாளு அவ்ளோ பேர் முன்னால அசிங்கப்படுத்தினானே!"

"எனக்கில்லன்னா, அப்போ யாருக்குன்னு கேப்பீங்களேக்கா."

ஆனந்தமேரி பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"போன வருசம் ஒருத்தி, எங்கியும் கெடைக்காம, நாள் தள்ளிப்போயி, எவனோ குடுத்த கண்ட மருந்த முழுங்கிட்டா. இதோ, இந்த பெஞ்சிலதான் ரத்தமா கெடந்தா. நான்தான் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு போனேன். பொழச்சது கடவுள் புண்ணியம்." ஈக்களை விரட்டினாள் பாப்பாத்தி. "இந்த புள்ளைங்க பேரு நோட்டுல ஏறினா படிப்பு போச்சு, வாழ்க்க போச்சு. என் பேருதான? நான் வூட்ட வுட்டு வந்து கடை போட்ட அன்னிக்கே ஊரு அத மென்னு துப்பிடுச்சு. வுடுங்க."

ஆனந்தமேரி எதிரே இருந்த தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். நோட்டை நீட்டி நீட்டி எழுத வைத்தது அவள்தானே.

அடுத்த வாரம் தீனதயாளன் நோட்டைப் பார்க்க வந்தார். புரட்டினவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மேடம், அவ பேரையே காணோம்! ஒரு போட்டோவுக்கே ஒழுங்காயிட்டா."

விரல் கீழே இறங்கி நின்றது. புதுசாக மூன்று வரி. மூன்றிலும் ஒரே கையெழுத்து.

"ஆனந்தமேரி... இன்னாங்க இது? உங்க பேரா?"

"ஆமா."

"சர்ச்சுல நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு. உங்க ரூல்படி வாங்கலாமில்ல?" ஆனந்தமேரி நோட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "போட்டோ எடுத்துக்கங்க தலைவரே. கூட்டத்துல காட்டணுமில்ல?"