சோதனைப் பாரம்

கவுன்சலரைத் தேடி அலைகிறவர்தான் மனசு சரியில்லாதவர் என்று உலகம் நம்புகிறது. இது கடுமையான பிழை, திருத்தியாக வேண்டும். தேடுகிறவர் எப்போதும் திடமாகத்தான் இருப்பார். யாருக்காகத் தேடுகிறாரோ அவருக்குத்தான் கோளாறு.

ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு இதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. கோளாறு அவருடைய மகனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். தூக்கம் வரவில்லையாம். வேலையில் மனம் ஒட்டவில்லையாம். யாரிடமாவது பேசினால் தேவலையாம்.

"அதான் நான் இருக்கேனே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெளியாள் வேணும்ப்பா. ஆன்லைன்ல ஆயிரம் பேர் கடை விரிச்சிருக்காங்க. எது அசல், எது போலின்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. ஆயுசு முழுக்கப் பரிசோதிச்சே பழகினவர் நீங்க. பேசிப் பார்த்துச் சொல்லுங்க. நேரம் வாங்கித் தர்றது என் வேலை."

முதுகெலும்பு இல்லாத தலைமுறை என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். மனைவி போய் மூன்று வருடமாகிறது. அவர் யாரிடமாவது போய் அழுதாரா? கல்லு மாதிரி நிற்கவில்லையா? பேச்சு குறைந்துவிட்டது; வீட்டை விட்டு இறங்குவதும் குறைந்துவிட்டது. அவ்வளவுதானே?

இருந்தாலும் பெற்ற பிள்ளை. ஒத்துக்கொண்டார்.

முதலில் நேரில் ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே கீழ்வீட்டு வங்கி மேலாளர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பத்திரிகையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் கைக்கு அகப்பட்டது கர்ப்பிணிகளுக்கான உணவுக் குறிப்பு. அதில் பாதி படித்திருப்பார், வரவேற்பிலிருந்த பெண் அறை முழுக்கக் கேட்கும்படி, "தூக்கம் வராதவர் யாரு? உள்ள போங்க," என்று கூப்பிட்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆன்லைனில் அந்த மானக்கேடு இல்லை. வேறு கேடுகள் இருந்தன. ஒருவருக்குப் பின்னால் பெரிய நூலகம்; தலையைத் திருப்பியபோது அவருடைய ஒரு காது நூலகத்துக்குள் காணாமல் போனது. இன்னொருவர், இவர் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க வலி எனக்குப் புரியுது," என்றார். மூன்றாமவர் ஓயாமல் தலையாட்டினார். நடுவில் இணைப்பு போய் அப்படியே உறைந்து நின்றார். அப்போதுதான் கவனித்துக் கேட்கிறவர் மாதிரி இருந்தார்.

"கழுத்துக்கு மேல மட்டும் தெரியற ஆளை எப்படிடா நம்பறது? கீழ போனை நோண்டிக்கிட்டிருந்தா நமக்குத் தெரியுமா?" என்று மகனிடம் கேட்டார். அவன் அலுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பின்னால் வெறும் சுவர். இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பிலேயே விறைப்பாகச் சொல்லிவிட்டார்: பிரச்னை மகனுக்கு, தான் வந்திருப்பது பரிசோதிக்க.

"நல்லது. எப்படிப் பரிசோதிப்பீங்க சார்?" என்று கேட்டார் பெண்மணி.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலி லிஃப்டை ஏற்றி இறக்குவது பரிசோதனையே இல்லை என்று விளக்கினார். உள்ளே எடைக்கற்களை அடுக்க வேண்டும். முழுப் பாரத்தோடு நடுவழியில் நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"அப்ப பாரத்தை ஏத்துங்க."

மகனுடைய தூக்கத்தை ஏற்றிப் பார்த்தார். அதில் கனமே இல்லை. கனமாக அவர் கைவசம் இருந்தது ஒன்றுதான். பரிசோதனைக்காக, வேறெதற்கும் இல்லை, அதை எடுத்து வைத்தார்.

மனைவி போன அன்று காலை, தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டையே பரிசோதித்தார். கயிற்றில் இழை பிரிந்திருந்தது. உடனே நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டார். மத்தியானம் மனைவிக்கு நெஞ்சுவலி. எட்டாவது மாடி. அக்கம்பக்கத்தார் நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். அப்போது அவள், "ஏங்க, லிஃப்ட் என்னாச்சு?" என்று கேட்டாள். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

"என்ன பதில் சொன்னீங்க?" என்றார் பெண்மணி.

"சொல்லலை. அதுக்கப்புறம் அவ எதுவும் கேக்கலை." பிறகு அவரே, "நான் செஞ்சது சரின்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சரிதான். இன்னைக்கும் அதையேதான் செய்வேன்," என்றார்.

பெண்மணி ஆறுதல் சொல்லவில்லை, தலையாட்டவும் இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று இன்ஸ்பெக்டர் கிட்டப் போய்ப் பார்த்தார். உறையவில்லை. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"பரவாயில்லை, தேறும்," என்றார் மகனிடம். "அடுத்த வாரத்துலேர்ந்து நீ பேசு. சின்ன விஷயத்துக்கெல்லாம் இடிஞ்சு போறவங்களுக்கு இது தாராளமாப் போதும்."

மகன் தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தூக்கமெல்லாம் நல்லா வருதுப்பா," என்றான். "எல்லார்கிட்டயும் உங்க பேர்லதான் நேரம் வாங்கினேன்."

அந்தப் பெண்மணிக்கு இன்னும் சான்றிதழ் வழங்கப்படவில்லை. வாரா வாரம், கதவைச் சாத்திக்கொண்டு, பரிசோதனை நடந்துவருகிறது.