முந்திய அஸ்திவாரம்

"இன்னாப்பா கட்டப் போற?"

பென்னலூர் சாலையோரப் புது மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஏசுதாஸ் நிமிர்ந்தான். பக்கத்து மனைக்காரர் கோதண்டராமன், நெற்றியில் திருமண்ணும் கையில் குடையுமாக எல்லைக்கல்லருகே நின்றிருந்தார். சென்னைப் பட்டறைகள் அந்தச் சாலை நெடுக இடம் தேடத் தொடங்கியிருந்த எண்பதுகளின் தொடக்கம் அது.

"வூடுதாங்க."

"வூடேதானா? அம்பத்தூர்ல பட்டறை வேலைன்னு சொன்னாங்களே?"

"அது அங்க. இங்க பொண்டாட்டி புள்ளைங்களோட குந்திக்கினு கஞ்சி குடிக்க ஒரு வூடு. நீங்க இன்னா கட்டப் போறீங்க?"

"உன்னுது எழும்பட்டும், பார்க்கலாம்" என்று நகர்ந்தார் கோதண்டராமன்.

அவருடையது மனைவி மரகதத்தின் வளையல்களை விற்று வாங்கிய மனை. பக்கத்தில் எழும்புவதைப் பொறுத்ததே அதன் கதி. நேரே பஞ்சாயத்துத் தலைவர் பாண்டுரங்கனிடம் போனார்.

"தலைவரே, குடித்தனம் இருக்கிற இடத்துல மிஷின் ஓடலாமா? எதை எங்க கட்டணும்னு ஒரு சட்டம் கிடையாதா?"

"சட்டமா?" பாண்டுரங்கன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "சர்ச்சுக்குப் பின்னால செங்கல் சூளை கீது. ஸ்கூலுக்கு எதிர்ல என் கோழிப் பண்ணை கீது. சட்டம் போட்டா என் கோழிங்க எங்க போவும்?"

"சண்டை வந்தா?"

"எவன் அஸ்திவாரம் முந்திச்சோ அவன் பக்கம் ஊரு பேசும். பிந்தி வந்தவன் வாயை மூடிக்கினு போவணும். இத்தினி வருஷமா அப்படித்தான் ஓடுது."

கோதண்டராமன் மனைக்குத் திரும்பி வந்து பார்த்தார். ஏசுதாஸின் பள்ளம் இடுப்பளவு இறங்கியிருந்தது. தம் மனையிலோ இன்னும் நெருஞ்சி முள்தான்.

"வித்துடுங்க" என்றாள் மரகதம். "அக்கம்பக்கத்தோட தினம் மல்லுக்கட்ட நம்மால ஆவாது."

விற்றார். வாங்கியவன் ஏசுதாஸேதான். பேரமே பேசவில்லை.

பத்திரம் பதிந்த அன்று, டீக்கடையில் ஏசுதாஸ் தயங்கியபடி கேட்டான்: "ஆசையா வாங்கின மனை. ஏங்க வித்தீங்க?"

"இனிமே சொன்னா இன்னா? மாவு மில் போடத்தான் வாங்கினேன். ஓட ஆரம்பிச்சா தெருவே அதிரும். நீ முந்திக்கினு வூடு கட்டறே. உன் பொண்டாட்டி மண்ணை வாரித் தூத்தினா ஊரு உங்க பக்கந்தானே பேசும்?"

ஏசுதாஸ் டீயைக் குடிக்க மறந்தான்.

"ஆண்டவரே! நான் போடறது லேத்துப் பட்டறைங்க. அஸ்திவாரம் முடியறதுக்குள்ள, சத்தம் ஆவாதுன்னு நீங்க தடுத்துடுவீங்களோன்னு பயந்துதான் வூடுன்னு சொன்னேன். உங்க மில்லு சத்தத்துல என் லேத்து சத்தம் கேட்டே இருக்காதே!"