கிலோமீட்டர் குறையுது

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம்னு சொல்லிடு. சலிச்சுப் போச்சு" என்று கட்டிலில் கிடந்தபடியே சொன்னார் லிஃப்ட் மெக்கானிக்.

அவர் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே எதிர்வீட்டுப் பூட்டுக்கடைக்காரரின் கார் உறுமிக்கொண்டு நின்றது. காரின் ஒரு பக்கம் முழுக்க ஒரு பெண் மெத்தையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். 'படுத்தால் போதும்!' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே மெத்தைக் கம்பெனியின் போன் நம்பர்.

"அண்ணே, இன்னிக்கு அவருக்கு முடியலையாம்!"

"அதெல்லாம் செல்லாதும்மா! வாரத்துல மூணு நாள்னு பேச்சு. ஏற்கெனவே கிலோமீட்டர் குறையுது. நீங்க வராட்டி எனக்குத்தான் நஷ்டம்!" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார் மனுஷன். "பத்து நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் மேல வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்!"

படாரென்று ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலை செய்யும்போது விழுந்து அவர் கால் இரண்டும் நொறுங்கி எட்டு மாதமாகிறது. விடாமல் பயிற்சிக்கு வந்தால் நடக்கலாம், விட்டால் இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியோ ஊரின் அந்தக் கோடியில் இருந்தது.

அவள் தம்பி கார் அனுப்புகிறேன் என்றான். "மச்சான் தயவுல நடக்கிறதுக்கு நான் உட்கார்ந்தே இருந்துட்டுப் போறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் இவர். கூட வேலை பார்த்தவர்கள் கேட்டபோதும் அதே பதில்தான்.

அப்போதுதான் பூட்டுக்கடைக்காரர் வந்தார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று தெருவில் பெயர் வாங்கியவர்.

"கார்ல விளம்பரம் ஒட்டியிருக்கேன். மாசம் இத்தனை கிலோமீட்டர் ஓடினாத்தான் கம்பெனிக்காரன் காசு தருவான். வெறும் வண்டியை ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சா பைத்தியம்னு சொல்லுவாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா எனக்கு உபகாரம்."

பல நாள் கழித்து மெக்கானிக் சிரித்தார். "வியாபாரம்னா சரி" என்றார்.

ஆனால் போகப் போக இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஐந்து நிமிஷம் தாமதமானால் ஹாரன். மழை என்றால் ஹாரன். தலைவலி என்றால் ஒரு சண்டை. "நோயாளியை வெச்சுக் காசு பார்க்கிறாரே" என்று அக்கம்பக்கத்தில் சிரித்ததும் காதில் விழுந்தது.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு முறை நடந்தாள். கீழே ஹாரன் நிற்கவில்லை.

"என் புருஷன் இவருக்கு மனுஷனா, மீட்டரா? இருங்க, கம்பெனிக்கே போன் போட்டு இவர் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்தறேன்!"

"ஏய், வேணாம்டி..." என்று அவர் சொல்வதற்குள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரை அழுத்திவிட்டாள்.

"மெத்தைக் கம்பெனியா? உங்க விளம்பரத்தை ஒட்டிக்கிட்டு ஒரு ஆள், நடக்க முடியாதவரைக் காசுக்காக இழுத்துக்கிட்டு அலையறாரு. கேட்க மாட்டீங்களா?" வண்டி நம்பரையும் ஒப்பித்தாள்.

மறுமுனையில் ஏதோ தட்டிப் பார்த்தார்கள்.

"அந்த வண்டியாம்மா? கார் விளம்பரத்தையே நாங்க அஞ்சு மாசத்துக்கு முன்னாடி நிறுத்திட்டோமே. இப்ப யாருக்கும் காசு குடுக்கிறதில்லை."

"பொய் சொல்லாதீங்க. ஸ்டிக்கர் இன்னும் இருக்கே!"

"உரிச்செடுக்க ஆள் அனுப்பினோம்மா. எல்லாரும் உரிக்க விட்டாங்க, இவர் மட்டும் விடலை. 'இதை எடுத்துட்டா ஒருத்தர் என் வண்டியில ஏற மாட்டாரு, அவர் நடக்கிற வரைக்கும் இருக்கட்டும்'னு எங்க ஆள் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாராம். ஆமா, நீங்க யாரும்மா பேசறது?"

அவள் போனை வைத்தாள். இத்தனை நாள் அந்த மனுஷனைப் பற்றிப் பேசிய பேச்சுக்கெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முகத்தை அலம்பித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னான் கம்பெனிக்காரன்?" என்றார் கணவர். "நிஜமாவே அந்த ஆளுக்குக் காசு வருதாமா?"

அவள் குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டினாள்.

"வருதாம். நம்மாலதான் அவருக்கு நாலு காசே வருதாம். எழுந்திருங்க, அந்த மனுஷன் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்க."