புகைபோக்கியின் வாயில் பூசணிக்காய்

மலைமேல் இருந்த ஒரு வீட்டுப் புகைபோக்கிக்கு நாலு வருஷமாகத் தொண்டை அடைப்பு. உள்ளே ஒரு சாண் கனத்துக்குக் கரி, அதற்கும் மேலே மைனா கட்டிவிட்டுப் போன கூடு.

குளிர் தொடங்கியதும், நெருப்பு மூட்டுமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் உள்ளூர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தார். மேஸ்திரி ஏணி கொண்டுவரவில்லை. கூடத்தில் குளிர்காயக் கட்டியிருந்த கணப்படுப்பை இரண்டு தட்டு தட்டி, "சூப்பரா இருக்கு சார்" என்றார். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

"அண்ணே, நான் எப்படியிருக்கேன்?" என்று பளபளத்தது கணப்படுப்பு.

"வாயை மூடு!" என்று சீறியது புகைபோக்கி. "உன் மூஞ்சிக்குப் பவுடர் பூசினா என் தொண்டை சரியாயிடுமா? தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்க அந்த ஆளுக்கு என்ன கேடு? நாளைக்கு நெருப்பு மூட்டினா புகை எங்கேடா போகும்?"

மறுநாள் மூட்டினார்கள். போக வழியில்லாத புகை கூடத்துக்கே திரும்பியது. எல்லாரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். கைக்குழந்தைக்கு மூச்சே திணறிவிட்டது.

'இப்பவாவது மேலே ஏறுவான்' என்று காத்திருந்தது புகைபோக்கி.

மேஸ்திரி இந்தத் தடவை ஏணியோடுதான் வந்தார். "புதுப் பெயிண்ட் மேல ஊர்க்கண்ணு பட்டிருக்கு சார்" என்றவர், விறுவிறுவென்று ஏறி, பூதமுகம் வரைந்த பூசணிக்காய் ஒன்றைப் புகைபோக்கியின் வாயிலேயே கச்சிதமாக உட்காரவைத்தார்.

"கவலைப்படாதீங்கண்ணே," என்றது பூசணிக்காய். "இனிமே எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்."

புகைபோக்கி உயிரைக் கொடுத்துக் கத்தியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கீழே வீட்டுக்காரர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.