மூன்றாவது சீட்டு

"நல்லா பொய் சொன்னான்னா கல்யாணம் கிடையாது," என்றார் லிஃப்ட் மெக்கானிக், அடுப்படி வாசலில் நின்றபடி.

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி.

"பொய்ப்பல் செய்யிறவன். வீட்டுக்குள்ளயும் அதையே மாட்டிவிட்டா?"

பரீட்சைக்கு அவர் கையில் இருந்தது ஓநாய் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் நடக்கிற சண்டைக்கு அதுதான் பெயர். ஐந்து சீட்டு. ஒன்று ஓநாய், ஒன்று உளவாளி, மற்றவை ஊரார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, ஓநாய் மட்டும் விழித்து ஒருவரைக் கைகாட்டித் தின்னும். அடுத்து உளவாளி விழித்து ஒருவரைக் காட்டுவார். அவர் ஓநாயா இல்லையா என்று, நடத்துகிறவர் தலையசைத்துச் சொல்வார். பிறகு எல்லோரும் கண் திறந்து, பேசிப் பேசி, கை தூக்கி ஒருவரை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியையே 'இவளா இருக்குமோ' என்று ஓரக்கண்ணால் பார்க்கிற சுகம் வேறெந்த விளையாட்டிலும் கிடையாது.

ஓநாய்ச் சீட்டு வந்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்பது மெக்கானிக்கின் கட்சி. கேட்பதற்கு முன்பே 'நான் இல்லை' என்கிறவன் கத்துக்குட்டி. கேட்டாலும் பதறாமல் அடுத்தவர் பக்கம் லேசாக விரல் நீட்டுகிறவன் கைதேர்ந்தவன். கைதேர்ந்த மாப்பிள்ளை அவருக்கு வேண்டாம்.

அதனால் காலையிலேயே ஓநாயை மேலிருந்து மூன்றாவதாக அடுக்கி, மேஜை டிராயரில் வைத்திருந்தார். மகளுக்குப் பிடித்த பையனைச் சாப்பாட்டுக்கு அழைத்து, மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தாகிவிட்டது.

மனைவி சீட்டை எடுத்து வந்து கொடுத்தாள். கலைக்கிற மாதிரி இரண்டு தடவை கையை ஆட்டிவிட்டு, மகள், மச்சினன் மனைவி, பையன், மனைவி என்று வரிசையாகப் போட்டார். கடைசிச் சீட்டைத் தான் எடுத்துப் பார்த்தார்.

ஓநாய்.

பரீட்சை வைக்க வந்தவர் தானே பரீட்சை எழுத வேண்டியதாயிற்று.

நடத்துகிற மச்சினன் பஸ் கண்டக்டர். "எல்லாரும் கண்ணை மூடு. ஓநாய் மட்டும் முழி," என்றார். மெக்கானிக் விழித்து, மச்சினன் மனைவியைத் தின்றார். உளவாளியும் விழித்து மூடியாயிற்று.

"அப்பாடா, ஒரு தூக்கம் போடலாம்," என்று செத்துப்போன மச்சினன் மனைவி சோபாவுக்குப் போனாள்.

"எனக்குத் தம்பி மேலதான் சந்தேகம்," என்றார் மெக்கானிக். குரல் தேவைக்கு மேல் ஒரு மாடி ஏறிவிட்டது. "வந்ததுலேருந்து வாயே திறக்கலை. ஓநாய்னா இப்படித்தான் பம்மும்."

"நீங்கதான்பா முழிக்கிறீங்க," என்றாள் மகள். "காதைப் பாருங்க, சிவந்துபோச்சு."

"வெயில்."

"வீட்டுக்குள்ளயா?"

பையன் சிரிக்கவில்லை. தன் சீட்டைக் குப்புற வைத்துக்கொண்டு, மெக்கானிக்கின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்க பக்கம் என்ன?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணும் இல்லைங்க. நான் ஓநாய் இல்லை. அவ்வளவுதான்."

ஓட்டெடுப்பு நடந்தது. மெக்கானிக்கும் மனைவியும் பையனுக்கு எதிராகக் கை தூக்கினார்கள். மகள் அப்பாவுக்கு எதிராக. பையனும் சேர்ந்து தூக்கினால் இரண்டுக்கு இரண்டு.

"எனக்கும் என் மேலதான் சந்தேகம்," என்று பையன் தனக்கு எதிராகவே கை தூக்கினான்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் மகள்.

"டிக்கெட் எடுத்தவனே பாதி வழியில இறங்குறான்," என்றார் கண்டக்டர். "சரி, இறங்குங்க. இவர் ஓநாய் இல்லை. ஆட்டம் தொடரும்." துரத்தப்பட்டவரின் சீட்டைக் கடைசிவரை திருப்பக் கூடாது என்பது அந்த வீட்டு விதி.

அடுத்த சுற்றில் மெக்கானிக் பெற்ற மகளைத் தின்றார். ஊரில் மிச்சம் மனைவி ஒருத்திதான்; ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆட்டம் ஓநாய்க்கு. ஓநாய் ஜெயித்துவிட்டது.

அசடு என்று தீர்மானித்தார். பொய் சொல்ல மட்டுமல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெரியாத அசடு. பெண்ணைக் கொடுக்கலாம்.

அந்தச் சந்தோஷத்தோடு சீட்டுகளைப் பொறுக்கினார். பையனின் சீட்டைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது.

உளவாளி.

கண்டக்டரைத் தனியாக இழுத்துப் போனார். "முதல் சுற்றுல இவன் யாரைக் காட்டினான்?"

"உங்களைத்தான் அத்தான். கண்ணைத் திறந்ததும் நேரா உங்களைத்தான். நானும் ஆமான்னு தலையாட்டினேன்."

பையன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். மெக்கானிக் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நான் ஒரு பல்லு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் கண்டுபிடிக்கிற ஆளு சார். நீங்க சீட்டைக் கலைக்கலை. கையைத்தான் ஆட்டினீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீங்கதான் ஓநாய்னு சொன்னா, எப்படித் தெரியும்னு பேச்சு வரும். பேச்சு வந்தா நீங்க கலைக்காததும் வெளிய வரும். உங்க பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருந்தா."

படி இறங்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த தடவை நிஜமாவே கலைச்சிடுங்க, மாமா."

மெக்கானிக் அடுப்படிக்குப் போனார். மனைவி தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முடிவு பண்ணீங்க? பொய் சொல்லுவாரா?"

"சேச்சே. பச்சைப் புள்ளை. வாயே வராது."

"உங்களுக்கும் வரலை. பாருங்க, காது சிவக்குது." அவள் தட்டை அடுக்கில் வைத்தாள். "டிராயர்ல மூணாவதா இருந்த ஓநாயை அடியில சொருகி, அந்த இடத்துல உளவாளியை வெச்சது நான்தான். கடைசிச் சீட்டு உங்களுதுன்னு எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பொய் சொல்லுவாரான்னு நீங்க பார்த்தீங்க," என்று அடுத்த தட்டை எடுத்தாள். "யாருக்காகச் சொல்லுவார்னு நான் பார்த்தேன்."