அண்ணனுக்காக ஒரு ஜெபம்

"இன்னைக்காவது யாராவது சர்ச்சுக்கு வர்றீங்களா, இல்லையா?"

வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள் சின்னவள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மூன்று வருடமாக வாராவாரம் இதே கேள்வி. கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ முன்னால போம்மா. எங்க பங்குக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுட்டு வந்துடு."

"நான் ஒருத்தி சாப்பிட்டா உங்க எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சிடுமாப்பா?"

"பாஸ்டரம்மா வீட்டுலயே பிரசங்கத்தை ஆரம்பிச்சாச்சு!" அப்பா சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. "பன்னண்டு யூனிஃபார்ம் கிடக்கு. நாளைக்குப் பிள்ளைங்க போட்டுட்டுப் போகணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றோமே, போதாதா?"

பாத்ரூமிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அண்ணன், பைக் சாவியைத் தேடினான். லிஃப்ட் மெக்கானிக்.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை காலையிலயா?"

"லிஃப்டுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் தெரியுமா?"

"டூல் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில கிடக்கு. வெறுங்கையாலதான் ரிப்பேர் பண்ணுவியா?"

அண்ணன் ஒரு நொடி முழித்தான். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். ஆறு மாதமாக இதே கதை. போனால் மத்தியானம்தான் திரும்புவான்.

"கேட்க மாட்டியாம்மா அவனை?"

"வளர்ந்த பிள்ளை. விடுடி."

"நரகத்துக்கே போனாலும் விட்டுடுவீங்களா?"

மெஷின் நின்றது. சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தாள்.

வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிற கால்கள். கணுக்காலில் வீக்கம் வற்றவே இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், ஞாயிறு காலையில் பாடகர் குழுப் பயிற்சி. இத்தனையையும் ஒற்றை ஆளாக இழுக்கிறோமே, வீட்டில் ஒருத்தருக்காவது உறைக்கிறதா? ஊர் கூடி இழுக்கிற தேரைத் தான் மட்டும் இழுப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

ஆராதனையில் பாட்டு முடிந்தது. "ஜெப விண்ணப்பம் இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார் பாஸ்டர்.

எழுந்திருக்கவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது.

"எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சர்ச்சுக்கு வர்றேன்..." பொங்கி வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அண்ணனுக்காக ஜெபம் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பொய் சொல்லிட்டுக் கிளம்பிடறான். எங்கே போறான், யாரோட சுத்துறான், ஒண்ணும் தெரியலை. தப்பான வழியில போயிட்டான்னு பயமா இருக்கு. அவன் மனசு மாறணும்."

சபையே உச்சுக்கொட்டியது. பாஸ்டர் கண்ணை மூடி, வழிதவறிய அந்த மகனுக்காக உருக்கமாக ஜெபித்தார். உட்காரும்போது அவளுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. நாலு பேர் தன்னைப் பரிதாபமாகப் பார்த்தது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது யாரோ கையைப் பிடித்தார்கள். தபால்காரர் வீட்டு ஆன்ட்டி.

சின்னவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட தபால்காரரை ஞாயிறு காலையில் யார் பார்த்துக்கொள்வது, ஆன்ட்டி சர்ச்சுக்கு வரவேண்டுமே என்று ஆறு மாதத்துக்கு முன்னால் பாஸ்டர் கேட்டபோது, முதல் ஆளாகக் கை தூக்கியவள் அவள்தான். இரண்டே இரண்டு வாரம் போனாள். அப்புறம் பாட்டுப் பயிற்சி அதே நேரத்துக்கு மாறியது. வேறு யாராவது போவார்கள் என்று விட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி... மன்னிச்சிடுங்க. அங்கிளைப் பார்க்க அப்புறம் நான்..."

"மன்னிப்பா? நான் உனக்கு நன்றி சொல்லணும்மா! தினமும் நினைப்பேன். ஆராதனை முடிஞ்சதும், வீட்டுல அவன் காத்துக்கிட்டு இருப்பானேன்னு ஓடிடுவேன். இன்னைக்கு நீ அழுததைப் பார்த்துட்டுப் போக மனசு வரலை."

"யாரு காத்துக்கிட்டு இருப்பாங்க?"

"உங்க அண்ணன்தான்! மூணாவது வாரம் நீ வரலைன்னு வீட்டுக்குப் போன் போட்டேன். அவன்தான் எடுத்தான். அடுத்த கால் மணி நேரத்துல வாசல்ல வந்து நிக்கிறான். 'தங்கச்சிக்குப் பாட்டுப் பயிற்சி ஆன்ட்டி, அதான் என்னை அனுப்பினா'ன்னான். அன்னையிலேர்ந்து ஒரு வாரம் தவறலை. அவரைக் குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி, சாப்பாடு ஊட்டி, பேப்பர் படிச்சுக் காட்டி... பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாதும்மா."

சின்னவள் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

ஆன்ட்டி அவள் கன்னத்தை ஆதரவாகத் தடவினாள்.

"கவலைப்படாதே, நானும் ஜெபம் பண்றேன். ஆமா, வீட்டுல இப்படி ஒரு தங்கமான அண்ணன் இருக்கானே... கெட்டுப்போயிட்டான்னு சொன்னியே, அது யாரும்மா, உன்னோட இன்னொரு அண்ணனா?"