முழங்காலுக்குக் கேட்டது

சத்தம் கேட்டால் ஒரு மரக்கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அறக்கட்டளையின் செவித்திறன் மையத்தில் மூன்று வயது சுமையாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த விளையாட்டு அதுதான். காதில் புதுக் கருவியோடு அம்மா ரமீஜாவின் மடியில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் போட்டாள். ஆறாவது கட்டை விழுந்ததும் பரிசோதிக்கும் ஹெப்சிபா சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்க முழங்காலுக்கு நல்லாக் காது கேக்குது. நாம பாப்பாவுக்குத்தான் பாக்கணும்."

ரமீஜாவுக்கே அப்போதுதான் உறைத்தது. சொந்தக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளையை லேசாக இடித்துத் திரும்பவைத்துப் பழகிய கால், இங்கேயும் சும்மா இருக்கவில்லை.

மகளைத் தனி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றாள். சுமையா கட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் ரமீஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டப்பாவில் கட்டை விழுந்தது.

"நான் இன்னும் பட்டனையே அமுக்கலையே" என்றாள் ஹெப்சிபா.

அப்படியானால் கேட்காமலேதான் போடுகிறாளா என்று ரமீஜா பதறிப்போனாள். ஆனால் ஹெப்சிபாவின் பார்வை அவளுடைய கண்ணாடி வளையல்களில் வந்து நின்றிருந்தது.

ரமீஜா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இன்னொரு கட்டை விழுந்தது.